கிட்டாரின் காதைத் திருகும் முன்

புதுசாக கிட்டார் வாங்கியவர்கள் எல்லோருக்கும் சில மாதங்களில் ஒரு சந்தேகம் வந்துவிடும். சுருதி சேர்த்து ரெண்டு பாட்டு வாசிப்பதற்குள் ஜி கம்பி இறங்கிவிடுகிறதே, ஏன்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "கீ சரியில்லை, மாத்திடு." தலைப்பகுதியில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு டியூனிங் கீகளைத்தான் சொல்கிறார்கள். கோட்டோ, குரோவர், ஷாலர் என்று நல்ல கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால், குற்றவாளி கீதானா என்று பார்த்துவிடுவது நல்லது. பல சமயம் அது நிரபராதி!

கீயின் உள்ளே ஒரு புழுத்திருகும் (வார்ம் கியர்) ஒரு குட்டிப் பல்சக்கரமும் இருக்கின்றன. 14:1 என்று போட்டிருந்தால், காதை 14 முறை சுற்றினால் கம்பி கட்டிய தண்டு ஒரு முறை சுற்றும். 18:1 என்றால் இன்னும் நுணுக்கமாகச் சேர்க்கலாம். அவ்வளவுதான். சுருதி அதிக நேரம் நிற்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் திருகைச் சுற்றாது. அதனால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் நல்ல கீ தானாகப் பின்னால் போகாது. (மலிவான கீயில் பற்களுக்கு நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான்.)

அப்படியானால் யார் குற்றவாளி? பெரும்பாலும் 'நட்'. கழுத்தின் உச்சியில், கம்பிகள் பள்ளத்தில் படிந்து போகுமே, அந்த எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு. பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். காதைத் திருகும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென்று 'டிங்' என்று தாவினால் சந்தேகமே வேண்டாம். நட்டுக்கும் கீக்கும் நடுவில் கம்பியை ஒருமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் சிக்கல் அங்கேதான். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் பாதி சரியாகும். செலவு ஐந்து ரூபாய் :-)

தண்டு ஆடினாலோ, பல் தேய்ந்து காது சும்மா சுற்றினாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, துளையின் அளவை. இதற்கு ஒரு சோகக்கதை உண்டு. 1950களின் கிப்சன் கிட்டார்கள் பலவற்றில் குளூசன் கீகள் இருந்தன. அவற்றின் பிளாஸ்டிக் காதுகள் நாளாக நாளாகச் சுருங்கி உதிர்ந்துவிடும். அதனால் 60, 70களில் நிறைய பேர் குரோவருக்கு மாறினார்கள். குரோவருக்குச் சுமார் 10 மி.மீ. துளை வேண்டும், பழைய துளையோ 9 மி.மீ. கூட இல்லை. குடைந்து பெரிசாக்கினார்கள். இன்று அதே கிட்டார்களுக்கு, அந்தத் துளைக்காகவே சேகரிப்பாளர்கள் விலையைக் குறைக்கிறார்கள். குரோவர் ஒன்றும் மட்டமான கீ இல்லை. மேம்பாட்டுக்குச் செய்த செலவே சொத்தின் மதிப்பைத் தின்ற விநோதக் கணக்கு இது!

நம்முடைய ஐயாயிரம் ரூபாய் கிட்டாரை யார் சேகரிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வீட்டு டிரில்லை வைத்துக் குடைந்தால், பிட் மரத்தைக் கவ்வி இழுத்துத் தலைப்பகுதியே பிளந்துவிடலாம். பழைய துளைக்குப் பொருந்தும் கீயாகத் தேடுவதே மேல். எடையையும் கவனிக்க வேண்டும். மூடிய கீகள் திறந்தவற்றைவிடக் கனமானவை. பட்டை மாட்டி நின்று வாசிக்கும்போது கழுத்து கீழே சாயும்.

மாட்டும்போது பொறுமை முக்கியம். பழைய ஸ்க்ரூ துளை பொருந்தவில்லை என்றால் பல்குச்சியைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிடலாம். புது ஸ்க்ரூவுக்கு முதலில் மெல்லிய துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவ வேண்டும். இல்லையென்றால் தலை முறிந்து மீதி மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். கழற்றிய பழைய ஆறு கீகளையும் ஒரு கவரில் போட்டு கிட்டார் உறையிலேயே வைத்திருங்கள். நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.