குண்டிக்காய்க் கொழுப்பு

மாட்டின் குண்டிக்காயைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு மாதிரி, விரலால் நிமிண்டினால் பொலபொலவென்று உதிர்கிற ஒரு கொழுப்பு இருக்கும். செஞ்சியில் நான் கறி வாங்குகிற கடையில் அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. டிசம்பர் பிறந்து நான் போய் நின்றால் பாய்க்குத் தெரிந்துவிடும். "இன்னாம்மா, புட்டிங்கு வந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். கறிக்குத்தான் காசு, கொழுப்புக்கு வாங்க மாட்டார். தாளில் சுற்றி, அதை ஒரு கறுப்புக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கறுப்புக் கவரில் போடுவார். ஏன் ரெண்டு கவர் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்தக் கொழுப்பு இல்லாட்டி கிறிஸ்துமஸ் புட்டிங் கிடையாது. கேக்கைச் சொல்லவில்லை. கேக்கு இப்போ எல்லா பேக்கரியிலயும் கெடைக்குது, எல்லா சாதிக்காரனும் வாங்கித் தின்றான். புட்டிங் வேற. இட்லி மாதிரி, கொழுக்கட்டை மாதிரி ஆவியில வேகுற பண்டம். காய்ந்த திராட்சை, ரொட்டித்தூள், மாவு, சர்க்கரை, முட்டை, பட்டை, கிராம்பு, சாதிக்காய், கொஞ்சம் பிராந்தி, கூடவே இந்தக் கொழுப்பு. இங்கிலாந்தில் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதைக் கிண்டி வைப்பது வழக்கம். வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு கிண்டு கிண்டி, மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். நாங்க எப்பவும் ரெண்டு வாரம் பின்னாடிதான்.

எங்க அம்மாவைப் பெத்த தாத்தா மெட்ராசில் ஒரு துரை வீட்டுக் குசினியில் இருந்தவர். சட்டி கழுவப் போய், பார்த்துப் பார்த்தே சமையல் பழகினார். 1947க்குப் பிறகு துரை கப்பலேறிவிட்டான். தாத்தா ஒரு பீங்கான் கிண்ணத்தோடு சேரிக்குத் திரும்பி வந்து, மறுபடியும் ஆண்டை கழனியில் இறங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். கால் ராத்தல், அரை ராத்தல் என்று வாயாலேயே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

துரைமார் குசினிக்கு எங்க ஆளுங்க எப்படிப் போனாங்க? மாட்டுக்கறி ஆக்குகிற அடுப்பை மற்ற சாதிக்காரன் தொடமாட்டான். வெள்ளைக்காரர்களுக்குப் பறையரே வேலைக்காரர்களாகக் கிடைத்தார்கள் என்று துபுவா பாதிரியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இளக்காரமாகத்தான் எழுதினார். 'பட்லர் இங்கிலீஷ்' என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் எல்லிஸ் துரையிடம் திருக்குறள் ஏட்டைக் கொடுத்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் எல்லிஸ் வந்தார், கந்தப்பன் வரவில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். கொழுப்பில் இருக்கிற சவ்வை உரித்து எடுத்துவிட்டு, மாவைத் தூவிக்கொண்டே பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். மாவு தூவாவிட்டால் கத்தியில் ஒட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு ராத்திரி ஊற விடுவேன். மறுநாள் கிண்ணத்தில் அழுத்தி, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி, இட்லிக் குண்டானில் ஒரு பிரிமணை போட்டு அதன்மேல் உட்கார வைப்பேன். ஆறு மணி நேரம். தண்ணி வத்த வத்தச் சுடுதண்ணி ஊத்தணும், பச்சைத் தண்ணி ஊத்துனா வேக்காடு நின்னுடும். வெள்ளையாகப் போனது கறுப்பாக வெளியே வரும்.

கொழுப்புக்குப் பதில் நெய் போட்டால் என்ன என்று கேட்கிற தோழர்கள் உண்டு. போட்டுப் பார்த்தேன். நெய் சூடு பட்டதும் உருகி ஓடிவிடுகிறது. மாவு இறுகுவதற்குள் எல்லாம் எண்ணெயாகி, களி மாதிரி கனத்துப்போகிறது. குண்டிக்காய்க் கொழுப்பு லேசில் உருகாது. மாவு வெந்து பிடிக்கிறவரை தன் இடத்தில் நிற்கும், அப்புறம்தான் உருகும். அது இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாகி, பண்டம் லேசாகிவிடும். தாத்தாவுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியுமோ என்னவோ, நெய் ஊத்தினா கல்லாயிடும் என்று மட்டும் சொல்வாராம்.

இந்தப் பண்டத்தை வைத்துப் பெரிய அரசியலே நடந்திருக்கிறது. 1927இல் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு, அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வீட்டுப் புட்டிங் என்று ஒரு பக்குவத்தை வெளியிட்டது. சாமான் ஒவ்வொன்றும் சாம்ராஜ்யத்துக்குள்ளிருந்து வர வேண்டும். திராட்சை ஆஸ்திரேலியா, மாட்டுக் கொழுப்பு நியூசிலாந்து, பட்டை சிலோன், சர்க்கரை மேற்கிந்தியத் தீவு. அந்தச் சர்க்கரைக்கு டெமராரா என்று பெயர். டெமராரா இன்றைய கயானாவில் இருக்கிறது. 1838 முதல் 1917 வரை அங்கே கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிப் போனார்கள், மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். சேரிகளிலிருந்து போனவர்கள் அதில் எத்தனையோ பேர். கரும்பு வெட்டினதும் எங்க ஆளு, குசினியில கிண்டினதும் எங்க ஆளு. மேசையில உக்காந்தவன் மட்டும் வேற.

வேகிற நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் நிற்பேன். ராஜகிரி நேராகத் தெரியும். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். அதிலிருந்து ஊரில் ஒரே பெருமை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கிறது. பக்கத்தில் இன்னொரு சின்ன மலை இருக்கிறது, சக்கிலி துர்க்கம் என்று பெயர். யாராவது கேட்டால் "அது சும்மா" என்கிறார்கள்.

அம்மா எங்கே புட்டிங் கொடுத்தாலும் "நெய் போட்டது" என்றுதான் கொடுப்பாங்க. பள்ளிக்கூட டீச்சருக்கு, ரேஷன் கடைக்காரருக்கு, எல்லாருக்கும். கோயிலுக்குள்ளயும் அதே கதைதான். பண்டிகைக்குச் சாதிக் கிறித்தவர் தெருவிலிருந்து எங்களுக்குக் கேக்கு வரும், எங்க தட்டு அந்தத் தெருவுக்குப் போகாது. ஒரே பூசையில் முழங்கால் போட்டவர்கள்தான். 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்டதற்காகத் தலித் கிறித்தவர்களின் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் பூசைக்குப் போகிறவர்கள்தான்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செஞ்சியில் இந்த மாடி வீட்டுக்கு வாடகை பேசும்போது வீட்டுக்காரம்மா, "நீங்க இன்னா ஆளுங்க?" என்றார். "கிறிஸ்டின்" என்றேன். அதோடு விட்டுட்டாங்க. 1950ஆம் வருஷத்து ஆணையும் இப்படித்தான், கிறித்தவன் என்றால் பட்டியல் சாதி இல்லை என்று முடித்துவிட்டது. சீக்கியருக்கு 1956இல் திருத்தினார்கள், பௌத்தருக்கு 1990இல் திருத்தினார்கள், எங்களுக்கு இன்னும் இல்லை. நான் கூட்டத்துக்குக் கூட்டம் இந்த ஆணையை எதிர்த்துப் பேசுகிறவள். வீடு வேணும்னதும் அதே ஆணைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கிட்டேன். வீட்டுக்காரம்மா அப்புறம் ஒன்று சொன்னார்: "ஆட்டுக்கறி, கோழிக்கறி ஆக்கிக்கோம்மா. அது மட்டும் வாணாம்." அதன் பெயரைக்கூட அவங்க வாயால் சொல்லவில்லை. சரிக்கா என்றேன். அன்றிலிருந்து ரெண்டு கவர்.

2024 கிறிஸ்துமசுக்கு அம்மா வந்திருந்தாங்க. தானே கீழே போய் ஒரு தட்டு கொடுத்து, "நெய்தான் கண்ணு, சாப்புடு" என்றாங்க. நான் பக்கத்தில் நின்றேன். மறுத்துப் பேசவில்லை. ஒருத்தர் வேண்டாமென்று சொன்னதை அவருக்கே தெரியாமல் ஊட்டுவது தப்பு, அவர் எந்தச் சாதியாக இருந்தாலும் தப்பு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

2025இல் அவங்களே கேட்டுட்டாங்க. ஆவி வாசனை படியிறங்கிப் போயிருக்கும்போல. "இன்னாம்மா, போன வருசம் குடுத்தியே அதுவா? எம் பேத்திக்கு ரெண்டு துண்டு குடு."

தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"அக்கா, இதுல மாட்டுக் கொழுப்பு இருக்குது. தெரிஞ்சி வாங்கிக்கோங்க."

"போன வருசம் குடுத்தது?"

"அதுவும்தான்."

"உங்கம்மா நெய்யின்னு சொன்னாங்களே."

"பொய் சொன்னாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். எங்க ரெண்டு பேரு மேலயும் தப்பு."

கத்துவாங்க என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாங்க, உள்ளே போயிட்டாங்க. கதவைச் சாத்தவும் இல்லை. நான் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துத் தட்டு கழுவி மாடிப்படியில் இருந்தது. தின்னாங்களா, கொட்டினாங்களா தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி இதுவரை ஒன்றும் பேச்சில்லை, முகம் கொடுத்தும் பேச்சில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒனக்கு வாய் சும்மாவே இருக்காதாடி? இந்த ஊர்ல வேற எவன் நமக்கு வூடு குடுப்பான்?" என்று திட்டிவிட்டு, அப்புறம் கேட்டாங்க, "இந்த வாட்டி கண்ணு கண்ணா வந்துச்சா?"

வந்துச்சு என்றேன்.