ஆச்சியின் பாம்படம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்தக் காலத்தில் வயதான பெண்கள் தலையை ஆட்டிப் பேசினால் காதில் பாம்படமும் சேர்ந்து ஆடும். அம்மாவைப் பெற்ற ஆச்சியின் ஜோடி ஒன்று இப்போது என் அக்காவிடம் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன்.

என்ன ஒரு வேலைப்பாடு! பூ இல்லை, மயில் இல்லை, ஒரு கல்கூட வைக்கவில்லை. சதுரக் கட்டை, உருண்டை, கூர் முனை, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பாம்பு படமெடுத்து நிற்பது போல இருக்கிறது. பார்வைக்குக் கெட்டித் தங்கம் மாதிரி தெரிந்தாலும் அப்படியில்லை. மெல்லிய தங்கத் தகட்டை வடிவமாக்கிப் பற்றவைத்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு நிரப்பியிருக்கிறார்கள். காதில் தொங்கும் இடம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கிறது. அது ஆசாரி செய்ததல்ல. ஆச்சி அத்தனை வருஷம் போட்டதில் வந்தது.

இதைப் போட, காதைச் சிறு வயதிலிருந்தே வளர்க்க வேண்டும். குத்திய துளையில் முதலில் பஞ்சு, பிறகு ஓலைச் சுருள், அப்புறம் ஈயக் குணுக்கு என்று போட்டுப் போட்டுக் காது தோளைத் தொடும். அம்மா தலைமுறையில் அந்த வழக்கம் நின்றது. பெரியம்மா வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறிவிட்டார்கள்.

ஆச்சி காலமான பிறகு, மாமா மகள் கல்யாணத்துக்கு இதை உருக்கலாம் என்று பேச்சு வந்தது. "போடக் காதில்லாத நகையை வச்சு என்ன செய்ய?" என்றார் மாமா. கல்யாணச் செலவு தலைக்கு மேல் நின்றது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடையில் அரக்கைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மாமா முன்னால் வைத்து, "இதை உருக்கிக்கோங்க மாமா, அதை விட்டுருங்க" என்றாள். அத்தான் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை.

அக்காவும் அதை ஒரு நாள்கூடப் போட்டதில்லை, போடவும் முடியாது. தராசு எடையைத்தான் சொல்லும். ஆசாரியின் கணக்கும் ஆச்சியின் காது தேய்த்த தேய்ப்பும் உருக்கினால் அரக்கோடு போய்விடும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். விற்றே ஆக வேண்டிய நிலைமை யாருக்கும் வரும், குறை சொல்ல மாட்டேன். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, போட்டிருந்தவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். அதைச் சொல்ல நம் தலைமுறையில்தான் ஆள் இருக்கிறது.