கடல் கடந்து கற்ற பாடம்

"வாத்தியாரையா, நம்ம பள்ளிக்கூடமே ஒழுகுது. நீங்க பிளேன் ஏறிப்போய் அடுத்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறீங்களாக்கும்!"

புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வந்த டிசம்பர் விடுமுறை அது. கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழாசிரியர்கள் பதினொரு பேர் சொந்தச் செலவில் இலங்கை மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியைப் பழுது பார்க்க உதவுவதே நோக்கம். அப்போது என் மனத்தில் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மக்கள் நமக்கு வேற்றாள் அல்லர். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய பாட்டன்மார் மண்டபம் முகாம் வழியே போனார்கள். இங்கே பால்மரம், அங்கே தேயிலை. லயமும் பிரட்டும் இரண்டு இடத்திலும் உண்டு. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது.

நாங்கள் போன பள்ளி ஒரு நீண்ட கொட்டகை. நடுவே தடுப்பில்லாமல் நான்கு வகுப்புகள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டும். உடைந்த மேசைகளுக்கு ஆணி அறைய வேண்டும். குளிரும் தூறலும் விடவில்லை. சாக்குக்கட்டி பிடித்த கைகள் இரண்டாம் நாளே கொப்புளித்துவிட்டன. நாங்கள் அடித்த சுவரோ திட்டுத் திட்டாக நின்றது.

மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெற்றோர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி என் கையைப் பார்த்தார்.

"சேர், பிரஷை இங்க கொண்டாங்க. சுவரை நாங்க பார்த்துக்குறோம். நீங்க புள்ளைகளுக்கு நாலு எழுத்து சொல்லிக் குடுங்க."

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. மறுநாள் முதல் நாங்கள் பாதிப் பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். உலகப் படத்தில் மலேசியாவைக் காட்டினேன். "அங்கயும் லயம் இருக்கா சேர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். சுவரோ இரண்டே மாலையில் பளிச்சென்று ஆகிவிட்டது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிரமதானம்; உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. நமது கோத்தோங் ரோயோங் மாதிரிதான். 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. அரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, ஊரார் ஒதுக்கி வைத்திருந்த மக்கள் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்குப் போனார். அந்த மக்களோடு சேர்ந்து உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அதைத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது என்னை யோசிக்க வைத்தது.

புறப்படும் நாளில் அதே அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உங்க பள்ளிக்கூடத்துலயும் பெத்தவங்க எல்லாம் இப்படி வந்து செய்வாங்களா சேர்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், நான் அவர்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை!

நம் பள்ளிகள் பிறந்த விதமும் ஒரு காரணம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதனால் பள்ளி என்றாலே துரை கொடுப்பது, நிர்வாகம் பார்த்துக்கொள்வது என்று நாம் பழகிவிட்டோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் காலியாகி மக்கள் பட்டணம் போனார்கள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நானும் எங்கள் கூரைக்காக மூன்று வருடம் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தவன்தான்.

ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரை அழைத்தேன். முதல் சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர்தான். அதில் ஒருவர் குலை வெட்டும் தொழிலாளி. தம் மகள் உட்காரும் நாற்காலியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே ஆறு பேரைக் கூட்டி வந்தார். பீலியை மாற்றினோம், நூலக அறைக்குச் சாயம் அடித்தோம். ஒட்டுக்கடைப் பெரியவரும் ஏணி பிடிக்க வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கறையான் அரித்த உத்தரத்தை நம் கையால் மாற்ற முடியாது; மாற்றவும் கூடாது. அது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. பொறுப்பில் உள்ளவர்களின் கடமை. அதற்கான கடிதத்தை நான் நிறுத்தவில்லை. ஆனால் முன்பு என் கையெழுத்து மட்டும் இருந்த இடத்தில் இப்போது பெற்றோர் அனைவரின் கையெழுத்தும் இருக்கிறது.

அன்புப் பெற்றோர்களே, கடல் கடந்து உதவப் போவது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குள் போய் நின்று பாருங்கள். ஆசிரியர் கூப்பிடவில்லையே என்று காத்திருக்காதீர்கள். என்னைப் போல அவரும் கூப்பிடத் தெரியாதவராக இருக்கலாம்.