பட்டிக்கு அடியில் இருப்பது தகடு

"கதவையே மாத்திட்டுப் போயிடலாம் சார். ஒடுக்கு எடுத்துக்கிட்டு உட்கார இப்ப யாருக்கு நேரம் இருக்கு?" பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விபத்துப் பிரிவைப் பார்க்கும் இளைஞர் சமீபத்தில் என்னிடம் சொன்னது இது. கதவில் இருந்தது உள்ளங்கை அகல ஒடுக்கு. மடிப்பு விழவில்லை, பெயிண்ட் கூடத் தெறிக்கவில்லை. உள்பக்க டிரிம்மைக் கழற்றினால் பின்னால் கை தாராளமாகப் போகும். டிங்கரிங் என்றால் தட்டுவது, பட்டி பூசுவது, பெயிண்ட் அடிப்பது, அவ்வளவுதானே என்றும் அவர் சொன்னார். தொழிலை விட்டு ஓய்வெடுத்த பிறகும் அந்தப் பேச்சு எனக்கு உறைக்கிறது. இந்த வேலை என்னவென்று தெரியாதவர்கள் இந்த வேலைக்கு விலை வைக்கும் காலம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நான் பகலில் அம்பத்தூரில் ஃபிட்டர். மாலையில் புதுப்பேட்டையில் ஒரு மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போய்த்தான் டிங்கரிங் கற்றேன். கற்றுக்கொடுங்கள் அண்ணே என்று போய் நின்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சொந்தமா வண்டி இருக்கா? அடுத்தவன் வண்டியில கத்துக்கிட்டா மறைக்கத்தான் கத்துக்குவ. உன் வண்டியைக் கொண்டா." அடுத்தவர் வண்டி கேட்டைத் தாண்டினால் போயிற்று. சொந்த வண்டியில் எதை மூடி மறைத்தாலும், அடுத்த மழைக்காலத்தில் அது நம் கண்ணெதிரேதான் கொப்புளமாக எழும்பும்.

ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். ஃபியட் 1100 டிலைட்டாக ஓடி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. நம்ம வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, உடம்பைப் போல்ட் கழற்றிப் பிரித்துவிடலாம். பத்மினிக்கு உடம்புதான் சேஸிஸ். கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டைத் துரு தின்றுவிட்டால் வண்டியின் பலமே போய்விடும். அதை வெட்டி எடுக்கும் முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே பட்டை வைத்து, சின்னச் சின்ன வெல்டாக டேக் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரன்னிங் போர்டு ஏறிய பிறகு கதவு மூடாது. அந்த வேலையும் தரைத் தகட்டு வேலையும் வெல்டிங் தெரிந்தவனுக்குக் கடினமில்லை. பொறுமையாகத் தள்ளித் தள்ளி டேக் வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பிக்கொண்டு வந்தால் போதும்.

உண்மையான பாடம் இடது முன் கதவில் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ அதில் வரிசையாக ஓட்டை போட்டு, கொக்கி மாட்டி இழுத்து, விரல் தடிமனுக்குப் பட்டி அப்பியிருந்தார்கள். அந்த ஓட்டைகள் வழியே கதவுக்குள்ளிருந்து ஈரம் ஏறிப் பட்டிக்கு அடியில் துருவாகியிருந்தது. மேஸ்திரி காந்தத்தை வைத்துக் காட்டினார். அது நிற்காமல் வழுக்கி விழுந்தது. பட்டி முழுவதையும் சுரண்டச் சொன்னார். சுரண்டியதும் தகடு தெரிந்தது. இழுத்து இழுத்து நீண்டுபோன தகடு.

நீண்ட தகடு எங்கள் தொழிலில் பெரிய எதிரி. விரலால் அழுத்தினால் பிஸ்கட் டப்பா மூடியைப் போல டொக்கென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அங்கே இருக்க வேண்டிய அளவைவிட உலோகம் அதிகம், அதற்குப் போக இடமில்லை. டாலி என்ற தாங்கு இரும்பைப் பின்னால் வைத்து நேரே அடித்தால் இன்னும் நீளும். சுத்தியல் தெரிந்த பலர் தோற்கும் இடம் இதுதான்.

மேஸ்திரி முதலில் சுத்தியலையே தரவில்லை. பனியன் துணியைக் கையில் சுற்றி, கண்ணை மூடி, கதவின் நீளவாக்கில் முழு உள்ளங்கையால் தடவச் சொன்னார். விரல் நுனிக்குச் சொரசொரப்புதான் தெரியும், மேடுபள்ளம் தெரியாது. உள்ளங்கைக்குத் தெரியும். தெரிந்த மேட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் கண்ணைத் திறந்தால், டியூப்லைட்டின் கோடு அந்த இடத்தில் வளைந்து நிற்க வேண்டும். கையும் வெளிச்சமும் ஒரே இடத்தைக் காட்டும்வரை, பல மாலைகள், தடவுவது மட்டுமே வேலை.

பிறகுதான் தட்டல். மோதிய இடம் கடைசி. மோதலில் கடைசியாக வளைந்த ஓரத்தை முதலில் விடுவித்து, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். பள்ளத்துக்குப் பின்னால் டாலியை அழுத்திப் பிடித்து, பக்கத்து மேட்டின் மேல் சுத்தியல் விழ வேண்டும். மேடு இறங்க, பள்ளம் தானே எழும்பும். மடிப்பு விழுந்த கோட்டில் உலோகம் இறுகிக் கெட்டியாகியிருக்கும், அதனால் அது கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும்.

இவ்வளவும் முடிந்த பின் மிஞ்சும் நீட்சிக்கு நெருப்புதான் மருந்து. காஸ் டார்ச்சால், மேட்டின் உச்சியில், நாலணா அளவு புள்ளி ஒன்றைச் செக்கச் சிவக்கச் சூடாக்க வேண்டும். சூடான உலோகம் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது. ஆகவே புள்ளி தடித்து மேலே எழும்பும். சிவப்பு மறையும் முன் அதைச் சுற்றிலும், பிறகு நடுவிலும், மென்மையாக அடித்து, ஈரத் துணியை வைக்க வேண்டும். ஆறும்போது சுற்றியுள்ள தகட்டையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி வைத்ததும் முழுதாக ஆறவிட்டு, கையால் பார்த்த பிறகே அடுத்தது. அளவு மீறினால் தகடு இறுகிப் பக்கத்து இடத்தைக் கோணலாக்கும். அதைத் திரும்ப அடித்து நீட்ட வேண்டிவரும். மேஸ்திரி ஒரு மாலையில் சில புள்ளிகளுக்கு மேல் அனுமதித்ததில்லை. "சூடு போதும், வீட்டுக்குப் போ" என்பார். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கதவோடு இருந்தேன். கடைசியில் டொக்கென்ற சத்தம் நின்றது. அந்தக் கதவை என் கையால் மீட்டேன் என்று இன்றும் பெருமையோடு சொல்வேன்.

அதன்பின் ஃபைல் ஓட்டினால் தகடு முழுக்க ஒரே சீராகக் கோடு விழ வேண்டும். ஃபைல் தொடாத இடத்துக்கு மட்டும்தான் பட்டி, அதுவும் 2, 3 மில்லிமீட்டருக்குள். இணைப்புகளுக்கு மேஸ்திரி ஈயமே போடுவார். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த அந்தக் கட்டி 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 250 தாண்டித்தான் முழுதாக உருகும். இடையில் குழைந்து நிற்கும்போது மரக்கட்டையால் தேய்த்து வடிவம் கொடுப்பார். அதன் தூள் விஷம் என்பதால் ஃபைல் மட்டுமே போடுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடமாட்டார். பிரைமரும் வாட்டர் பேப்பரும் பெயிண்டும் எல்லோரும் அறிந்தவைதான்.

ஓய்வுக்குப் பிறகு என்னிடமும் மாலையில் சில இளைஞர்கள் தங்கள் பழைய கார்களோடு வருகிறார்கள். ஆர்வம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் முதல் நாளே என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். மிக் வெல்டிங் மெஷினை வாங்கி, மெல்லிய தகட்டில் நிறுத்தாமல் கோடு இழுத்து, முழுப் பக்கத்தையும் நெளிய வைக்கிறார்கள். நெளிவைப் பட்டியால் மூடுகிறார்கள். பி.யு. பெயிண்டின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி முகமூடி அதைத் தடுக்காது. எத்தனை முறை சொன்னாலும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னைப் பிடிக்கிறார்கள்.

இன்றைய வண்டியில் எல்லாவற்றையும் தட்டி எடுக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. நடுத் தூண்களில் வரும் போரான் எஃகைச் சூடாக்கினால் அதன் பலம் போய்விடும். அங்கே மாற்றுவதே சரி. கதவின் வெளித்தோலும் மட்கார்டும் இன்றும் பெரும்பாலான வண்டிகளில் தட்டி எடுக்கக்கூடிய மெல்லிய எஃகுதான். பின்பக்கப் பக்கவாட்டுத் தகட்டை வெட்டி மாற்றும்போது, கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டும் துருத்தடுப்புப் பூச்சும் சேர்ந்தே போகின்றன. அது தெரிந்தும் வெட்டுகிறார்கள். புதுப் பாகத்தின் பில் இன்ஷூரன்ஸில் எளிதாகப் பாஸாகிறது, ஒடுக்கு எடுக்கும் கூலிக்குத்தான் பேரம் நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் கார் பாடி ரிப்பேருக்கென்றே ஒரு வருடப் படிப்பு உண்டு. படித்துவிட்டு வரும் பையனைப் போல்ட் கழற்றவும் புதுக் கதவு மாட்டவும் மட்டுமே நிறுத்தினால் அவன் கை எப்போது பழகும்? பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டாகிறது. அதற்குப் புதுக் கதவு கம்பெனியிலிருந்து வராது. மாற்ற முடியாத கதவில்தான் கதவைச் சரிசெய்யக் கற்க முடியும். அதனால்தான் கற்க வருகிறவனிடம் நானும் பழைய, சொந்த வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

வண்டிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெயிண்ட் அடித்த பிறகு பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பிரைமருக்கு முன்னால் ஒருமுறை போய், வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். கையால் தடவிப் பாருங்கள். அங்கே நல்ல வேலை தெரிந்தால் அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். தகட்டைக் காட்டத் தயங்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.