ஜப்பானுக்கு எந்தக் கையேடு?

ஜப்பானுக்குப் போகிறோம் என்றதும் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி "என்ன மாநாடு?" என்பதுதான். அடுத்த கேள்வி, "டிக்கெட் யார் போடுறாங்க?" மாநாடு எதுவும் இல்லை, நானும் தங்கச்சியும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம், பத்து நாள், சொந்தப் பணம் என்றேன். ஒருவர் நம்பவே இல்லை. இன்னொருவர், "அப்படின்னா அங்க இருக்கிற புராக்கு மக்களைப் பார்த்துட்டு வந்து ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துடுங்க தோழர்" என்றார். அவர் மேல் கோபமில்லை. நம்மில் ஒருவர் விமானம் ஏறினால் படிக்க ஏற வேண்டும், இல்லையென்றால் ஜெனீவாவில் போய் நம் துயரத்தைச் சொல்ல ஏற வேண்டும் என்று நமக்கே பழகிப்போயிருக்கிறது. எங்கள் அம்மா அறுபது வயதுவரை போன ஒரே சுற்றுலா வேளாங்கண்ணி. அதுவும் நேர்த்திக்கடன். தங்கச்சி இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் மான், ரயில், கோட்டை என்று எதையாவது வாய்பிளந்து பார்த்துவிட்டு வரத்தான் நாங்கள் கிளம்புகிறோம்.

அதற்கு ஒரு பயணக் கையேடு வேண்டும். போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் போன் நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். நமக்குக் கேட்கவே தெரியாத ஒன்று பக்கம் புரட்டும்போதுதான் கண்ணில் படும். தவிர, எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது ஒரு புத்தகத்தில் அட்டையிலிருந்து அட்டைவரை கையில் இருக்கும். எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார் என்று அதிலிருந்து பிடித்துவிடலாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் இரண்டு பழைய பதிப்புகளும் அகப்பட்டன. ஒரு நண்பர் இந்தியச் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பர மடக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்திய எழுத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "நமக்கு ஒத்துக்கொள்ளாது", "நம் உணவு எங்கே கிடைக்கும்", "நம்மவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்". அந்த 'நாம்' யார் என்று பார்த்தால் மாமிசம் தொடாத ஆள். ஜப்பான் முழுவதும் அவருக்கு ஒரே கண்டம்: சூப்பில் மீன் கலந்திருக்கும். சமையல்காரரையே கூட அழைத்துப்போய் மூன்று வேளையும் சைவம் போடுகிறோம் என்று விளம்பரம் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. அதிலும் வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிப் பந்தி உண்டு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்த காலம் போய், சாதியைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போகும் வசதி வந்துவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர் தனக்கு வேண்டியதைத் தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு பெண்கள், மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள், ஒசாகாவில் என்ன தின்னலாம் என்று தேடினால் இந்த 'நம்' எழுத்தில் ஒரு வரி கிடையாது.

அந்த வரி வெளிநாட்டுக் கையேடு ஒன்றில் கிடைத்தது. காசு ஊதோன். மாட்டுக்குடலைக் கொழுப்பு உருகி வடியும்வரை பொரித்தெடுத்து, அந்த மொறுமொறுப்பைக் கோதுமை நூடுல்ஸ் சூப்பில் போட்டுத் தருவது. ஒசாகாவின் தெற்குப் பக்கத்து உணவு, சுவையானது என்று போட்டிருந்தார்கள். யாருடைய உணவு என்று போடவில்லை. அது புராக்கு மக்களின் அடுப்பில் பிறந்தது. மாடு அறுக்கிற இடத்தில் மற்றவர் ஒதுக்கிய பாகம், கெட்டுப்போகாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி. உப்புக்கண்டம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புராக்கு என்றால் யார் என்று கேட்கிற மாணவர்களுக்காகச் சுருக்கமாக: இறந்த மாட்டை அப்புறப்படுத்துதல், தோல் பதனிடுதல், தண்டனை நிறைவேற்றுதல் போன்ற வேலைகளைச் செய்ததால் 'தூய்மையற்றவர்' என்று தோகுகாவா காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். நிறமோ மொழியோ மதமோ மற்ற ஜப்பானியரிடமிருந்து வேறில்லை. 1871இல் அரசாணை போட்டு அந்த இழிபெயர்களை ஒழித்தார்கள். கல்யாணத்திலும் வேலையிலும் ஒதுக்கல் ஒழியவில்லை. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் கூடி அவர்களே தொடங்கிய அமைப்புதான் சுய்ஹெய்ஷா. மகத் குளத்துப் போராட்டத்துக்கு ஐந்து வருடம் முந்தியது.

எனவே ஒவ்வொரு கையேட்டையும் எடுத்தவுடன் கடைசிப் பக்கங்களுக்குப் போய் அகர வரிசையில் இந்தச் சொல்லைத் தேடினேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் பெயரை இன்டெக்சில் தேடுங்கள். நான் பார்த்த ஐந்தில் மூன்றில் அந்தச் சொல்லே இல்லை. ஒன்றில் வரலாற்றுப் பகுதியில் அரைப் பத்தி. பழைய பதிப்பு ஒன்றில் மட்டும் ஒசாகா மனித உரிமை அருங்காட்சியகத்துக்கு வழியும் நேரமும் கொடுத்திருந்தது. 1985இல் திறந்த அந்த இடம், நகர நிர்வாகத்தோடு ஏற்பட்ட வழக்குக்குப் பிறகு 2020இல் மூடப்பட்டுவிட்டது. பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் பூட்டின கதவைத்தான் பார்த்திருப்போம்.

எரிச்சல் வந்தது பறையால். ஐந்து கையேட்டிலும் தாய்கோ மேளம் உண்டு. கோயில் விழாவில் அடிக்கிறார்கள், மேடையில் அடிக்கிறார்கள், பார்க்க வேண்டிய நிகழ்ச்சி என்று வண்ணப்படம். அந்தத் தோலை உரித்தவர், பதனிட்டவர், இழுத்துக் கட்டியவர் யாரென்று ஒன்றிலும் இல்லை. ஒசாகாவின் நானிவா பகுதி தலைமுறை தலைமுறையாக மேளம் கட்டிய புராக்கு மக்களின் இடம். செய்யும் கை அவர்களுடையது. விழாவில் அடிக்கிற பெருமை வேறொருவருக்கு. அந்தப் பகுதி இளைஞர்கள் 1980களில் தாங்களே மேளக் குழு ஒன்று அமைத்து அடிக்கத் தொடங்கினார்கள். குழுவுக்கு வைத்த பெயர் இகாரி. கோபம் என்று பொருள்.

இதையெல்லாம் வேறு புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டு, 'ஒரு கையேடாவது இந்த இடங்களை வரைபடத்தில் குறித்திருக்கலாமே' என்று தங்கச்சியிடம் புலம்பினேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "நம்ம தெருவ ஒருத்தன் மேப்ல குறிச்சு, இங்கதான் எஸ்சி ஆளுங்க இருக்காங்கன்னு புக்ல போட்டா உனக்குச் சரியாக்கா?"

அப்படி ஒரு புத்தகம் ஜப்பானில் உண்மையிலேயே வந்தது. 1975இன் கடைசியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. புராக்கு குடியிருப்புகள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை குடும்பம், என்ன தொழில் என்று நாடு முழுவதற்குமான பட்டியல். ரகசியமாக அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றார்கள். 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன. வேலைக்கு மனுப் போட்டவரின் முகவரியைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, பொருந்தினால் தள்ளிவிடுவதற்காக. பிள்ளைக்கு வரன் பார்ப்பவர்களுக்காக உளவு நிறுவனங்களும் வைத்திருந்தன. விடுதலை இயக்கம் போராடி அதை அம்பலப்படுத்தியது. ஆனாலும் விஷயம் முடியவில்லை. 2016இல்கூட 1930களின் கணக்கெடுப்பு ஒன்றை மறுபடி அச்சிட்டு விற்க முயன்றார்கள். நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. இணைய வரைபடத்தின் மேல் பழைய காலத்து வரைபடத்தைப் போர்த்திக் காட்டியபோது அதில் இருந்த இழிபெயர்களோடு குடியிருப்புகள் தெரிந்துவிட்டன என்ற சர்ச்சையும் நடந்தது.

இது நமக்குப் புரியாத விஷயமா? "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஊருக்குள்ளயா, காலனியா?" தெருப்பெயர் சொன்னால் போதும், முகம் மாறும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய எவரிடமும் கேளுங்கள். எனவே கையேட்டில் அந்தச் சொல் இல்லாததற்கெல்லாம் அலட்சியம்தான் காரணம் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். அரைப் பத்தி எழுதி, இடத்தைச் சொல்லாமல் விட்டவர் தெரிந்தே விட்டிருக்கலாம். மேளத்தைப் பற்றிப் பேசிவிட்டு மேளம் கட்டியவரை விட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் சொல்ல யார் வீட்டு முகவரியும் தேவையில்லை.

முகவரிப் பட்டியலே கெட்டது என்றும் இல்லை. அமெரிக்காவில் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் ஒரு கையேடு போட்டார். 'தி நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்'. காரில் போகும் கறுப்பின மக்கள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்த முடிதிருத்தும் கடையில் நுழையலாம் என்ற பட்டியல். விடுதியே இல்லாத ஊரில் தங்கள் வீட்டில் அறை கொடுக்கும் குடும்பங்களின் பெயர்கள். பொழுது சாய்ந்தபின் கறுப்பர் இருக்கக்கூடாது என்ற ஊர்கள் இருந்த நாட்டில், தப்பான இடத்தில் இரவாகிவிட்டால் உயிர் போகும். முதலில் நியூயார்க் பகுதிக்கு மட்டும் இருந்தது பின்னால் நாடு முழுக்க, அதற்கு வெளியிலும் விரிந்தது. கிரீன் 1960இல் இறந்தார். 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது. இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று அவரே முன்னுரையில் எழுதியிருந்தார். நியூயார்க் பொது நூலகம் பழைய பதிப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஒன்றையாவது புரட்டுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் ஜப்பானியப் பட்டியல் மாதிரிதான்: ஊர், தெரு, எண். ஆனால் அதைத் தொகுத்தது அவர்கள் ஆள், அதைப் பிரித்துப் பார்த்தது அவர்கள் மக்கள்.

அப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் பாபாசாகேபுக்கு உதவியிருக்கும். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளை நாம் தீண்டாமைக் கொடுமைக்குச் சான்றாக மட்டுமே படிக்கிறோம். அதில் பெரும்பகுதி பயணம்தான்: ரயில் நிலையம், மாட்டுவண்டி, குதிரைவண்டி, பரோடாவில் தங்க இடம் தேடியது. 1934இல் இயக்கத் தோழர்கள் முப்பது பேரோடு அவர் எல்லோரா பார்க்கக் கிளம்பியதும் அதில் இருக்கிறது. வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த குளத்தில் தூசி போக முகம் கைகால் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவரைக் கூட அனுப்பித்தான் கோட்டையைக் காட்டினார்கள். அவர் அன்று மாநாட்டுக்குப் போகவில்லை தோழர்களே. சுற்றிப் பார்க்கத்தான் போனார்.

வாங்கின விஷயத்துக்கு வருகிறேன். அரைப் பத்தி எழுதிய கையேட்டின் புதிய பதிப்பைத்தான் வாங்கினோம். ரயில் பகுதி தெளிவாக இருக்கிறது, வரைபடத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, எழுதியவர்களின் பெயரும் அவர்கள் எத்தனை காலம் அங்கே வாழ்ந்தார்கள் என்பதும் போட்டிருக்கிறது. பளபள காகிதத்தில் படம் மட்டும் நிறைந்த புத்தகம் வேண்டாம். கனம் அதிகம், சேதி குறைவு.

அதன் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டி நானே நாலு வரி எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அந்த மக்கள் தாங்களே பலகை மாட்டி 'வாருங்கள்' என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் போவது. நாரா மாவட்டத்தில் கோசே என்ற ஊரில் சுய்ஹெய்ஷா அருங்காட்சியகம் இருக்கிறது. அறிக்கையை எழுதிய சாய்கோ மான்கிச்சி பிறந்த ஊர் அது. கியோட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யானகிஹாரா வங்கி நினைவகம். மற்ற வங்கிகள் கடன் கொடுக்காத காலத்தில், 1899இல் புராக்கு மக்களே தொடங்கிய வங்கியின் கட்டடம். ஒசாகாவில் ஆஷிஹாராபாஷி நிலையத்தில் இறங்கினால் மேளக்காரர்களின் தெரு. மேளத்தையும் மனித உரிமையையும் பெயரில் சேர்த்து அந்தப் பகுதியினரே நடைவழி அமைத்திருக்கிறார்கள். வீடுகளைப் படம் எடுக்க மாட்டோம். அறிக்கையும் எழுத மாட்டேன்.

மற்ற ஒன்பது நாள் தங்கச்சியுடையது. அவளுக்குப் பெரிய கவலை வெந்நீர் ஊற்று. ஜப்பானில் பொதுக் குளியல் இடங்களில் பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடமாட்டார்கள். யாகுசா ரவுடிகளின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம். இவள் இடது மணிக்கட்டில் 'ஜெய் பீம்' என்று குத்தியிருக்கிறாள். பிளாஸ்டர் ஒட்டி மறைத்தால் சில இடங்களில் விடுவார்கள் என்று கையேடு சொல்கிறது. "அத மறைச்சுட்டா தண்ணிக்குள்ள இறங்கணும்? போக்கா" என்றுவிட்டாள். பிறகு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் ராத்திரி பன்னிரண்டு மணிவரை படித்தாள். காலையில் எழுந்து பார்த்தால் கினோசாகி என்ற ஊர்ப் பக்கத்தில் பேனாவால் பெரிய வட்டம். கியோட்டோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஏழு பொதுக் குளியல் கூடங்கள், ஏழிலும் பச்சை குத்தியவர்களுக்குத் தடையில்லை. ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறாள்: 'ஏழுலயும்.'