ஏவல் வினை

டிமாண்ட் என்ற சொல்லை வைத்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. டிமாண்ட் டிராஃப்ட், டிமாண்ட் லோன், டிமாண்ட் நோட்டீஸ். 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி, கடன் கட்டாதவருக்கு நாங்கள் அனுப்பும் நோட்டீஸில் 60 நாள் அவகாசம் உண்டு. இங்கிலாந்தில் படிக்கும் என் அக்கா பையனுக்கு, 'ஷூவைப் போடு' என்பதற்கும் பள்ளி மணிக்கும் இடையில் பத்து நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை.

ஒன்பது வயது. ஆட்டிஸம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இப்போது அதன்மேல் இன்னொரு பெயர்: பெதலாஜிகல் டிமாண்ட் அவாய்டன்ஸ். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த எலிஸபெத் நியூஸன் 1980களில் வைத்த பெயர். அவரும் சகாக்களும் எழுதிய விரிவான கட்டுரை 2003இல்தான் வந்தது. அமெரிக்கர்களின் டி.எஸ்.எம். பட்டியலிலோ உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலிலோ இது தனி நோயாக இல்லை. இப்படி ஒன்று தனியாக உண்டா என்று நிபுணர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். எனக்கு உறுத்துவது அந்த முதல் வார்த்தை. கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் ஆரோக்கியமானவர்கள், மறுப்பவன் நோயாளி என்று ஒரு தீர்ப்பு அதில் ஒளிந்திருக்கிறது. சிலர் அதே மூன்று எழுத்துகளை, சுயாதீனத்துக்கான இடையறாத உந்துதல் என்று விரித்துக்கொள்கிறார்கள். அது கொஞ்சம் கொடி பிடிப்பதாக இருக்கிறது.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு மெல்வில் 1853இல் எழுதிய பார்ட்ல்பி உடனே ஞாபகம் வரும். அவனும் குமாஸ்தா, அவனும் மறுத்தான். ஆனால் ஒப்பிடக் கூடாது என்றே தோன்றுகிறது. நம் வட்டாரத்தில் மறுப்பைக் கண்டவுடன் கலகம் என்று எழுதிவிடுகிற வழக்கம் இருக்கிறது. பார்ட்ல்பியிடம் பதற்றம் இல்லை. இந்தப் பையனிடம் இருப்பதெல்லாம் பதற்றம்தான். முதலில் பேச்சை மாற்றுவான். பிறகு கால் வேலை செய்யவில்லை என்பான். பிறகு தான் ஒரு பூனை, பூனைக்கு ஷூ கிடையாது என்பான். அதற்கும் மேல் நெருக்கினால் மேஜை கவிழும். தனக்கே பிடித்த நீச்சலுக்குப் போகவும் அவனால் முடியாமல் போகிறது. விருப்பமும் ஒரு கட்டளையாக மாறி உள்ளிருந்து அழுத்துகிறது. பசிகூட அப்படித்தான். இதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

பள்ளியில் முதலில் நட்சத்திர அட்டை வைத்தார்கள். உட்கார்ந்தால் ஒரு நட்சத்திரம், ஐந்து சேர்ந்தால் பரிசு. மற்றப் பிள்ளைகளுக்குப் பலிப்பது இவனிடம் பலிக்கவில்லை. பாராட்டு என்பது நாளைக்கும் இதையே செய் என்ற உத்தரவு. அதை அவன் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கண்டுகொண்டான். அட்டையைக் கிழித்துப் போட்டான்.

பிறகு வந்த உதவி ஆசிரியை வேறு மாதிரி. காலையில் அவனுக்கு எது அவசியமே இல்லை என்று முதலில் பார்த்து அதை விட்டுவிடுவாராம். சீருடை டை, வரிசையில் நிற்பது எல்லாம் போயிற்று. கணக்கைச் செய் என்பதில்லை. தானே போர்டில் தப்பாகப் போட்டுவிட்டு, 'இது எங்கேயோ இடிக்கிறதே' என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அவன் எழுந்து வந்து திருத்துவான். சில நாள் வரமாட்டான். அன்றைக்கும் அவர் முகம் மாறாது என்றாள் அக்கா. விஷயம் இங்கேதான் இருக்கிறது. கட்டளையை வேஷம் மாற்றுவது பெரிய வித்தையல்ல. 'செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று எங்கள் வங்கி தினமும் செய்வதுதான். கெட்டிக்காரப் பையன் இரண்டாம் நாளே வேஷத்தைக் கலைத்துவிடுவான். நடக்காமல் போனாலும் பரவாயில்லை என்று கேட்பவருக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தை முடிக்க வேண்டிய ஒரு ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது அநியாயமாகவும் இருக்கிறது. 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கே ஒரு பிள்ளைக்கென்று தனித் திட்டம் எழுதிக் கேட்கலாம். அக்கா கேட்டிருக்கிறாள். காகிதம் கவுன்சிலில் இருக்கிறது.

வீட்டில் அவள் பேசுவது தமிழ். போன வாரம் போனில், "ஏன்டா, நீ இலக்கணமெல்லாம் படிச்சவனாச்சே, 'சாப்பிடு'ங்கறதை ஏவல் இல்லாம எப்படிடா சொல்றது?" என்றாள். நம் மொழியில் அது சுலபமில்லை. நட, வா, உண் என்று வினையின் வேரே ஏவல்தான். நன்னூலாரும் பகுதிகளை அப்படித்தான் அடுக்குகிறார். பெயர்ச்சொற்களை வைத்துச் சமாளிக்கச் சொன்னேன். மறுநாள், "கண்ணா, சாதம் மேஜை மேல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாளாம். "எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்" என்றானாம். அரை மணி கழித்து வந்தபோது பாதி தட்டு காலியாக இருந்தது. அப்பளத்தைத் தொடவில்லை.