மலைவாயிலில் ஒரு விண்ணப்பம்

மலையேறப் புறப்படுவோர் காலுக்கு உரம் தேடுவர். குளிருக்குக் கம்பளி தேடுவர். காகிதங்களை மட்டும் கடைசிக்கு ஒதுக்கிவைப்பர். ஆயினும் மலைப்படிகளுக்கு முன்னே ஏறவேண்டியவை அலுவலகப் படிகளே. நேபாள நாட்டின் அன்னபூர்ணா மலைத்தொடரை நடந்து சுற்றிவர விரும்பிய காலத்து யாம் இதனை நன்குணர்ந்தோம். யாமெனின், இக்கல்லூரியில் ஒருங்கே பயின்று, இந்நாளில் வெவ்வேறு ஊர்களிற் பணிபுரியும் நண்பர் நால்வர்.

இந்தியக் குடிமக்கள் நேபாளம் செல்ல விசா வேண்டுவதில்லை. ஆயினும் விமானத்திற் செல்வோர் கடவுச்சீட்டேனும், தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அட்டையேனும் காட்டுதல் வேண்டும். நம் நாட்டில் எவ்விடத்தும் எடுத்து நீட்டிப் பழகிய ஆதார் அட்டை, 15 வயதுக்குக் குறைந்தோர்க்கும் 65 வயதைக் கடந்தோர்க்குமன்றிப் பிறர்க்கு இப்பயணத்தில் உதவாது. ஆகவே நால்வரும் கடவுச்சீட்டே கொண்டு சென்றோம்.

அடுத்து வந்தது பெயர்த்தொல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிறுத்தி, ஒற்றைப் பெயரால் வழங்குதல் நம்மவர் மரபு. விண்ணப்பத்தாளோ குடும்பப்பெயர் யாதென வினவுகின்றது. எம்முள் ஒருவர் தந்தையார் பெயரை அங்கே எழுதலாமென்றார். மற்றொருவர் தம் பெயரையே ஈரிடத்தும் எழுதலாமென்றார். கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து எங்கும் எழுதுவதென முடிவில் உடன்பட்டோம்.

காத்மாண்டு நகரில் பயண முகவர் ஒருவரின் அலுவலகத்தில் ஏனைய காரியங்கள் நடந்தன. வெளிநாட்டார் வழிகாட்டியின்றி மலைவழி செல்லலாகாதென்று 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அந்நாட்டார் விதித்துள்ளனர். வழிகாட்டியை அமர்த்தியபின் பெறவேண்டிய சீட்டுகள் இரண்டு. ஒன்று, அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதியின் நுழைவுச் சீட்டு. 1986-ஆம் ஆண்டு காந்துருக் என்னும் மலையூரில் தொடங்கிய அக்காப்புப் பணி, இன்று 7,629 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆள்கின்றது. இந்தியா முதலிய சார்க் நாட்டார் 1,000 நேபாள ரூபாயும், பிறநாட்டார் 3,000 ரூபாயும் செலுத்துகின்றனர். அப்பொருள் காட்டைக் காத்தற்கும் மலையூர்களின் நலத்திற்கும் பயன்படுகின்றது. மற்றொன்று, நடைப்பயணியரின் விவரங்களைப் பதிந்துவைக்கும் டிம்ஸ் அட்டை.

அவ்வட்டைக்குரிய தாளில், அவசரம் நேரின் தாய்நாட்டில் யாருக்கு அறிவிப்பதென்று ஒரு வினா இருந்தது. மூவர் எழுதி முடித்தோம். நான்காமவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். தந்தையாரை இழந்தபின் தாயாருக்கு அவரொருவரே துணை. அம்மையார் அஞ்சுவாரென்று, அலுவல் காரணமாகத் தில்லி செல்வதாகச் சொல்லிப் புறப்பட்டிருந்தார்.

"அவ்வரியை மட்டும் வெறுமையாக விடாதீர்கள், ஐயா" என்றார் ஆங்கிருந்த முதிய எழுத்தர். பின்னர், 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து நிகழ்ச்சியைக் கூறினார். நம் வங்கக்கடலில் எழுந்து, 12-ஆம் நாள் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரண்டு நாட்களில் இமயத்தில் பெரும்பனியாய்ப் பொழிந்தது. தோரோங் கணவாயிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். "இவ்வட்டை உங்களைத் தடுப்பதற்கன்று, தேடுவதற்கு" என்றார் அப்பெரியவர்.

நண்பர் வெளியே சென்று தாயாருடன் தொலைபேசியிற் பேசினார். உண்மை கேட்ட அம்மையார் சிறிது நேரம் வாய்திறக்கவில்லையாம். பின்பு, "எந்த மலை, எத்தனை நாள், உடன் வருபவர் யார் என்று நிதானமாகச் சொல்லப்பா, எழுதி வைத்துக்கொள்கிறேன்" என்றாராம். நண்பர் திரும்பிவந்து, அவ்வரியில் தாயார் பெயரைத் தெளிவாக எழுதினார்.

தாராபாணிச் சாவடியில் எம் சீட்டுகளைப் பார்த்துப் பெயர்களைப் பதிந்தபோது, முன்போல் எமக்குச் சலிப்புத் தோன்றவில்லை. 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடந்து நலமே மீண்டோம்.

மலைநாடு காண விழையும் மாணவ நண்பர்காள்! சீட்டுகளை உரிய காலத்தில், உரிய பெயரிற் பெறுமின். அவற்றின் படியொன்றை வீட்டிலும் வைத்துச் செல்லுமின். அரசினர் தரும் அநுமதியை நாடுமுன், நம் வரவை நோக்கியிருப்போரிடம் உண்மையுரைத்து விடைபெறுதலே முறையாகும்.